நாலுக்கு ஆறு

செல்லூர் ஆட்டோ ஸ்டாண்டுக்கு ஒன்று,
தத்தனேரி பாலத்தடிக்கு இரண்டு.
எல்லாருக்கும் அந்த ஒன்பது வயது முகம்தான் வேண்டும்:
முன்பல் விழுந்து, அட்டைக் கிரீடத்தோடு
"நான் இருக்கேன்ல!" என்கிற கிண்டு.

நிஜப் பேர் கேட்டேன்.
ரசாக் அண்ணன் நாலு பேருக்குப் போன் போட்டார்.
ஞானதுரை. வயது நாற்பத்தொன்று.
"வயச விட்ருப்பா, படத்தோட ஒட்டாது."

டிவியிலிருந்து எடுத்த படம்.
பெரிதாக்கினால் கண் சதுரம் சதுரமாக உடைகிறது.
கொஞ்சம் மழுப்பினேன்.
வட்டச் செயலாளர் கீழே தன் முகத்தை
இன்னும் ஒரு சுற்றுப் பெரிதாக்கச் சொன்னார்.

ஞானதுரை என்று சேமிக்கப் போனால்
அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது
என்கிறது கம்ப்யூட்டர்.
திறந்தேன்.
ஞானதுரை பினாயில், ஆனையூர். ஸ்டிக்கர் நூறு.
போன தை மாசம். வழுக்கை, மஞ்சப்பை.
பேரம் பேசவில்லை.
பாக்கி நூற்றைம்பது.

மாற்றிப் பெயர் வைத்தேன்: கிண்டு இரண்டு.

காலையில் பாலத்தடியில்
கயிறு இழுத்துக் கட்டிக்கொண்டிருக்கிறோம்.
யூனிஃபார்ம் போட்ட மகனோடு வந்தவள்
வண்டியை ஓரங்கட்டி நிமிர்ந்து பார்த்தாள்.
"ஐயோ, பச்சப் புள்ள... என்ன காய்ச்சலாம்?"

ரசாக் அண்ணன் வாயில் ஆணி.
நானும் சொல்லவில்லை.

அவள் பின்னால் கை நீட்டி
மகன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு
வண்டியைக் கிளப்பினாள்.