மச்சம்

தங்கச்சிமடத்தில் பஸ் ஏறும்போதே
காது மெஷினைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாள்.
பாலத்து உப்புக்காற்று அதற்கு ஆகாது.
போன ஐப்பசியில் ஒன்று துருவேறிச் செத்தது,
அப்பா அதை அரிசிப் பானைக்குள்
மூன்று நாள் புதைத்துவைத்தும்.

கையால் பேசிக்கொண்டு போனோம்.
கச்சானுக்கு ஒரு கை, வாடைக்கு ஒரு கை,
விலைபோகாத நண்டுக்கு உதட்டுப் பிதுக்கல்,
எங்கள் வீட்டுக்குள் விளைந்த பாஷை.
மதுரைப் பள்ளிக்கூடத்தில் அவள் கற்றுவந்தது வேறு.
கூட்டாளிகளோடு வீடியோ காலில் அவள் பேசுகையில்
பாதிக்குமேல் எனக்குப் பிடிபடாது.
அந்த நேரம் வீட்டில் செவிடு நான்தான்.

மண்டபத்தில் கூட்டம் ஏறியதும்
என் கைகள் மடிக்குப் போய்விட்டன.
அவளுடையவை போகவில்லை.

அவளுக்கு என் பெயர்
கீழுதட்டுக்கு அடியில் ஒரு விரல்: மச்சம்.
ரேஷன் கடையில்,
அடையாள அட்டைக்கு நின்ற வரிசையில்,
'இது என்ன சொல்லுது?' என்றவர்களுக்கெல்லாம்
அந்த மச்சத்துக்கு மேலுள்ள வாய்தான் பதில் சொன்னது.
அவளுக்கு எங்கே வலிக்கிறது என்று
டாக்டர் கேட்டதும் என்னைத்தான்.

ராமநாதபுரம். கேணிக்கரைப் பக்கம் இரண்டாம் மாடி.
கணக்கு எழுதும் வேலை.
படியேறும்போது மெஷினை மாட்டிக்கொண்டாள்.
மேனேஜர் என்னைப் பார்த்துக் கேட்டார்:
'இந்தப் பொண்ணுக்கு டேலி தெரியுமா?'
தெரியும் சார்.
'வேகமா அடிக்குமா?'
அடிப்பா சார்.
'தனியா வந்துபோயிருமா?'
வாயைத் திறந்தேன்.

பிரிஸ்கா என் முழங்காலில் தட்டினாள்,
அடுப்பில் பால் பொங்கும்போது தட்டுவாளே, அப்படி.
மேசையில் கிடந்த பழைய பில் ஒன்றைத் திருப்பி
அதன் வெள்ளை முதுகில் எழுதினாள்:
'என்னைப் பார்த்துக் கேளுங்கள் சார்.
கத்த வேண்டாம்.
வாயிலிருந்து கையை எடுத்தால் போதும்.'
எனக்குக் கதவைக் காட்டினாள்.

கண்ணாடிக்கு அப்பால்
தாள் போவதும் வருவதும் தெரிந்தது.
ஒரு தடவை அவர் சிரித்தார்.
அவள் என்ன சொல்லி என்று
எனக்குத் தெரியாத முதல் சிரிப்பு.
பதில் சொல்லியே பழகிய வாயை வைத்துக்கொண்டு
என்ன செய்வது?
கீழே போய் டீ குடித்தேன்.
ஆறிப்போன வடை ஒன்று தின்றேன்.

வந்தாள். முகத்தில் ஒன்றுமில்லை.
கேட்டதற்கு, திங்கட்கிழமை என்றது கை.
ஒரு மாசம் பார்ப்பார்களாம்,
சம்பளம் அதற்கப்புறம்தான் கூடுமாம்,
காலை ஏழு இருபது பஸ்.
மேனேஜருக்குப் பெயரும் வைத்தாயிற்று:
வாயைப் பொத்திய கை.

முதல் நாள் மட்டும் நானும் வரட்டுமா என்றேன்.
கீழுதட்டுக்கு அடியில் விரலை வைத்தாள்,
கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.
பிறகு, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் என்றாள்.

எந்த ஊர் பஸ் ஸ்டாண்டு என்று சொல்லவில்லை.