ஏனையவை

வெள்ளி பின்னேரம் நாலு பத்து.
பூர்க்டோர்ஃப் அலுவலகத்தில் நானும் அச்சுப்பொறியும்.
பெந்தகொஸ்தே விடுமுறைக்கு மற்றவர்கள்
மூன்று மணி ரயிலிலேயே போய்விட்டார்கள்.
சன்னலுக்குக் கீழே எம்மெ ஆறு
பனி உருகிய கலங்கலைத் தள்ளிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் வந்தது.
அனுப்புநர்: இயக்குநர் ஹான்ஸ்ரூடி ஏகெர்ட்டர்.

"அன்புள்ள சுகிர்தவதனி,
வெரோனா வார்ப்பு ஆலைக்காரர் வங்கி மாற்றிவிட்டார்கள்.
எண்பத்து நாலாயிரத்து முந்நூறு பிராங்க்
இன்றே போக வேண்டும்.
நான் மலையில் நிற்கிறேன், கைத்தொலைபேசி எடுபடாது.
உங்களை நம்புகிறேன்."

எல்லாம் பொருந்தி வந்தது.
வெரோனாவுக்கு நாங்கள் கொடுக்க வேண்டியது அதே தொகை,
சதம் பிசகாமல்.
அவர் மலைக்குப் போனதும் உண்மை.
கையொப்பத்தின் கீழே
எங்கள் நீல வால்வுச் சின்னம் ஒழுங்காய்ச் சுற்றிக்கொண்டிருந்தது.
யாரோ எங்களைப் பல வாரம்
ஆற அமர வாசித்திருக்கிறார்கள்.

பணம் அனுப்பும் திரையைத் திறந்தேன்.
புதுக் கணக்கிலக்கத்தைத் தட்டினேன், பாதிவரை.
(முறைப்பாட்டில் இதை எழுதவில்லை.
இங்கே எழுதுகிறேன்.)

போன நவம்பரில் பேயாட் வீசிய
பரிசோதனைத் தூண்டிலில் மாட்டியவள் நான்.
'கிறிஸ்மஸ் போனஸ் பட்டியல்' என்று இருந்தது,
சொடுக்கினேன்,
திரை முழுக்கச் சிவந்து என்னைப் பார்த்துச் சிரித்தது.
பிறகு ஒரு மணி நேரக் காணொளிப் பாடம்,
பதினைந்து கேள்வி, ஒரு சான்றிதழ்.
அந்தப் பாடத்தில் ஒரு வரிகூட
அன்றைக்கு ஞாபகம் வரவில்லை.

கை நின்றது பெயரில்.

சுகிர்தவதனி.

ஒன்பது வருடமாய் அந்த மனிதருக்கு நான் சுகி.
சில நாள் சூகி.
ஒருமுறை, பிறந்தநாள் அட்டையில், சுஷி.
இந்த ஊரில் என் பெயரைப் பிழையில்லாமல்
முழுசாய் எழுதுவது வரிக் கந்தோர் மட்டும்.
இப்போது ஒரு கள்வனும்.

'அன்புள்ள' வேறு.
ஏகெர்ட்டரின் மடல்களில் அன்பு வராது,
ஆச்சரியக்குறி வரும், அதுவும் மூன்றாய்.

சின்னதாய் ஒரு சந்தோஷம் வந்தது,
அதையும் மறைக்கக்கூடாது.
கால் நிமிடம் இருக்கும்.
பயம் அதற்குப் பிறகுதான்.

மடலிலிருந்த எண்ணைத் தொடவில்லை.
மலைக்குடிலின் எண்ணைத் தேடிப் பிடித்தேன்.
கரண்டிச் சத்தம், ஒரு நாய், நெடுநேரம் யாருமில்லை,
பிறகு அவர்:
"என்ன, சுகி?"
அந்த எரிச்சலை எவனாலும் நடிக்க முடியாது.
"எந்த வெரோனா?" என்றார்.

செவ்வாய்க்கிழமை பேயாட்
அனுப்புநர் முகவரியைப் பெருப்பித்துக் காட்டினான்.
எங்கள் கம்பனியின் பெயரிலும் அந்த ஆறு உண்டு.
அதன் இரண்டாவது எம், எம்மே அல்ல.
ஆரும் என்னும் தோளோடு தோள் ஒட்டி நின்று
எம் வேஷம் கட்டியிருந்தன.
எனக்கு அரிவரி வகுப்பு ஞாபகம் வந்தது,
காலைப் போட்டு ரகரம் என்று வாசித்து
குட்டு வாங்கிய நாள்.

இப்போது இரண்டு பேர் ஒப்பமிட்டால்தான் காசு நகரும்.
கணக்கு மாறினால் பழைய எண்ணுக்கு அழைத்துக் கேட்க வேண்டும்,
அழைப்பது போப்பாண்டவருக்கென்றாலும்.
வெளியிலிருந்து வரும் மடலுக்கெல்லாம்
நெற்றியில் மஞ்சள் பட்டை.
ஏகெர்ட்டர் ஒரு பெட்டி சொக்கலேட் தந்தார்.
மேலே: "நன்றி, சுகி!!!"

கடைசியாய் ஒரு படிவம்.
மோசடியை எப்படி இனங்கண்டீர்கள்?
எழுத்துப்பிழை, சந்தேகமான இணைப்பு,
அவசரத் தொனி, தெரியாத அனுப்புநர்.
நான் 'ஏனையவை'க்குப் புள்ளடி போட்டேன்.
ஒரு வரிக்குத்தான் இடம் விட்டிருந்தார்கள்.
'பிழை இருக்கவில்லை' என்று எழுதினேன்.

பேயாட் விளங்காமல் மேசைக்கு வந்தான்.
என் பெயரை எழுதிப் பார் என்றேன்.
நல்ல பிள்ளை, பேனாவை எடுத்தான்.
ஐந்தாம் எழுத்தில் நின்றுவிட்டான்.