கால், எழுநூற்றைம்பது

எங்கள் கம்பெனியில் பன்னிரண்டு எம்எம் போல்ட்
பதினேழு இருந்தது,
ஸ்டோரில் இல்லை, கணினிக்குள்.
ஷாஜகானுடையது ஒன்று, அமுதவல்லியுடையது மூன்று,
"புதுசு", "புதுசு கடைசி", "இதான் கடைசி",
யாரோ பசி நேரத்தில் பெயரிட்ட "அஅஅஅ".
திரையில் பதினேழும் ஒன்றுபோல மின்னும்.
இரண்டுக்கு மட்டும் மரை நெருக்கம்.
அந்த இரண்டால் போன மாதம்
குடிகாட்டு ஆலையில் ஒரு தொட்டி
மூடி பூட்ட முடியாமல்
மூன்று நாள் வாய் பிளந்து நின்றது.

ஆகவே பொது நூலகம்.
ஆகவே நான்.

இசட் டிரைவில் ஒரு ஃபோல்டர்.
படிக்க எல்லோருக்கும் அனுமதி,
எழுத எனக்கு மட்டும்.
சர்வரில் அதைத் தட்டிய நாளிலிருந்து
நாலு மணி டீக்கு
என்னை யாரும் கூப்பிடுவதில்லை.

ஃபிளாஞ்ச், பிளேஞ்ச், பிளஞ்சு:
மூன்று எழுத்துக்கூட்டில் ஒரே வட்டம்.
மூன்றையும் ஒன்றாக்கினேன்.
பொருள் என்ற கட்டத்தில் மென்பொருள்
தானாகவே "சாதா எஃகு" என்று நிரப்பியிருந்தது.
உப்புக்காற்று இல்லாத ஏதோ ஊரில்
உட்கார்ந்து எழுதியிருப்பார்கள் போல.
இங்கே ஜன்னல் கொக்கியே
வருஷத்துக்கு இரண்டு தின்றுபோகிறது.
நானூற்றுப் பன்னிரண்டு வரிகளில்
கையால் மாற்றினேன், முந்நூற்றுப் பதினாறு என்று.

அப்புறம் கால்கள்.
தொட்டிக்கு அடியில் வைக்கும் கால்
இரண்டு உயரத்தில் இருந்தது.
நானூற்றைம்பது, எல்லாக் கையேட்டிலும் உள்ளது.
எழுநூற்றைம்பது, எங்கேயும் இல்லாதது.
தொட்டிக்குப் பதினான்கு கிலோ வீண் எஃகு.
விளக்கம் என்ற கட்டம் காலி.
அழித்தேன்.
உண்மையில், கொஞ்சம் சந்தோஷமாகவே அழித்தேன்.

மறுநாள் காலை
நாற்பத்தொரு படங்கள் சிவந்து கிடந்தன.
திறந்தால்
தொட்டிகள் எல்லாம்
தரையில்லாமல் அந்தரத்தில்.
அமுதவல்லி நாற்காலியைத் திருப்பி
என்னை ஒரு பார்வை பார்த்தாள்,
எதுவும் சொல்லவில்லை.

உருவாக்கியவர்: பிரிசில்லா.
பெருமழை வருஷத்து டிசம்பர்.
இப்போது ஓசூரில் இருக்கிறாராம்.
போனில் குக்கர் விசில் நடுவே கேட்டார்:
"யாரு கால வெட்டினது?
சர்வர் ரூம்ல பீரோவ நகத்திப் பாருங்க."

நகர்த்தினோம், நானும் ஷாஜகானும்.
சுண்ணாம்புச் சுவரில்
பச்சை மார்க்கரில் ஒரு படுக்கைக் கோடு.
பக்கத்தில் ஒரே சொல்: கெடிலம்.
ஷாஜகான் டேப்பை நீட்டினான்.
அறுநூற்றுப் பத்து.
அந்த உயரத்தில்தான்
நானூற்றைம்பது காலில் நிற்கும் தொட்டிக்கு
மோட்டார் இருக்கும்.
நாங்கள் இருவரும் கொஞ்ச நேரம்
எங்கள் முழங்காலுக்கு மேலே
அந்தத் தண்ணீர் எங்கே நிற்கும் என்று
பார்த்துக்கொண்டிருந்தோம்.

பேக்கப்பிலிருந்து காலை மீட்டேன்.
காலியாக இருந்த கட்டத்தில்
நாற்பது எழுத்துக்கு மேல் இடமில்லை.
"வெள்ளத்துக்கு. அழிக்காதே." எழுதினேன்.
இன்னும் இடம் மிச்சமிருந்தது.

பிறகு நூலகத்தில் புதிதாக ஒரு பத்தி சேர்த்தேன்.
தலைப்பு: ஏன்.
அதை மட்டும் யார் வேண்டுமானாலும் நிரப்பலாம்.
இரண்டு வாரம் ஒருவரும் தொடவில்லை.
நேற்று பார்த்தால்
பன்னிரண்டு எம்எம் வாஷருக்கு எதிரே
ஷாஜகான் எழுதியிருக்கிறான்:
"சும்மா".

அப்படியே விட்டிருக்கிறேன்.
நாலு மணிக்கு
வாசலில் நின்று அவன் கூப்பிட்டான்,
வர்றியா, இல்ல
அதுக்கும் பர்மிஷன் போடணுமா.