அரிசிமணி நீளம்

ஒட்டுசுட்டான் றோட்டுக் கிரவல் தூளைக்
கமரா சாம்பலாக்கிவிடும்.
சிவப்பை ஏற்றி ஏற்றிப் பார்த்திருக்கிறேன்,
அந்தச் சிவப்பு ஒருநாளும் வந்ததில்லை.
இப்போது சனம் றோட்டில் நின்றே சொல்லுது,
"படத்திலை மண் இதைவிட வடிவு."

ஆவணியில் நிறைமதியின் கலியாணம்.
தாடையில் ஒரு வடு அவளுக்கு,
அரிசிமணி நீளம்.
ஒன்பது வயதில் வந்ததாம்.
எங்கே என்று நான் கேட்கவில்லை.
மென்பொருளும் என்னைக் கேட்கவில்லை:
நானூற்றுப் பன்னிரண்டு படத்திலும் துடைத்துவிட்டு
"மெருகேற்றல் முடிந்தது" என்றது.

இரண்டு இரவு குந்தியிருந்து
மூலப் படங்களில் இருந்து எடுத்தெடுத்து
அந்த அரிசிமணியைத் திரும்ப வைத்தேன்.
ஆரும் காசு தராத வேலை.
உள்ளுக்குக் கொஞ்சம் பெருமை,
பொய் சொல்லக்கூடாது.

அல்பத்தை விரித்தவள் முகம் சுருக்கினாள்.
"அண்ணை, பக்கம் மாறிப் போச்சு."
ஃபோனை நீட்டினாள்.
எத்தனையோ செல்ஃபி,
எல்லாவற்றிலும் வடு மற்றப் பக்கம்.

"அது கண்ணாடி மாதிரி, தங்கச்சி.
நேரே பாக்கிற ஆக்களுக்கு
நீங்கள் இப்படித்தான்."

பக்கத்தில் மாப்பிள்ளை
பார்க்கிங் துண்டைத் தேடிக்கொண்டிருந்தான்.
"அப்ப இவர் பாக்கிற என்னை
நான் இன்னும் பாக்கவே இல்லையோ?"

எனக்குப் பதில் வரவில்லை. அவளே சொன்னாள்:
"ஒண்டை மட்டும் திருப்பி அடிச்சுத் தாங்கோ,
எனக்கு. மிச்சம் அவருக்கு."

திருப்பினேன்.
சேலைத் தலைப்பு
வலத்தோளுக்குப் போய்விட்டது.
அதை அவள் கவனிக்கவில்லை.
"இதுதான் நான்" என்று
வாங்கிக்கொண்டு போனாள்.