வியாழக்கிழமை வழக்கு

ஹெட்லி, ஹாலோ மேர்ஸ் கட்சி.
நாரிஸ், டின் பிஷப்ஸ் கட்சி.
ஷெஃபீல்டில், ஆபிடேல் சாலைப் பப்பில்,
கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்து மேசையில்
ஐம்பது வருஷமாக வழக்கு நடக்கிறது.
ஒருவர் கையில் ‘உப்புக் கணக்கு’,
இன்னொருவர் கையில் ‘ஒன்பதாவது சிம்னி’.
இரண்டும் எழுபத்திரண்டில் வந்த தட்டுகள்.
அரைத்த மாவுதான்,
ஆனால் வாராவாரம் புதிதாக ஊறப்போட்டு அரைப்பார்கள்.

ஹெட்லி சொல்வார்:
இரண்டாம் பக்கம், மூன்றாம் பாட்டு,
கிதார் ஓய்ந்த பிறகு ஒரு ‘டிங்’ வருமே,
அது கப்பல் மணி.
மூழ்கிப்போன மாலுமிகளுக்கு அடித்தது.
அந்த ஒரு மணிக்கு ஈடாகுமா
உன் பிஷப்ஸின் மொத்தச் சத்தமும்?

நாரிஸ் கண்ணை மூடிக்கொள்வார்.
சிம்னியின் கடைசி நொடிகள்:
பாடுகிறவன் குரல் திடீரென்று
மேலே மேலே ஏறி, சிட்டுக்குருவி அளவாகி,
அறுந்துபோகும்.
உயிர் பிரிவதை அப்படியே பாடியவன்
உலகத்தில் வேறு எவன் என்பார்.
கண்ணைத் திறக்கும்போது
நிஜமாகவே ஈரமாக இருக்கும்.

நான் கிளெனிஸ்.
அப்போது எனக்குப் பத்தொன்பது.
கத்தி தீட்டும் பட்டறையாக இருந்து
ஸ்டுடியோவான கட்டடத்தில்
தேநீர் போட்டேன்,
நாடாப் பெட்டிகளில் தேதி எழுதினேன்,
எலிப்பொறி வைத்தேன்.

அந்த பிப்ரவரியில்
சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம்.
கரி இல்லை, கரண்ட் இல்லை.
வருவது எப்போது, போவது எப்போது என்று
பேப்பரில் அட்டவணை போடுவார்கள்.
காலை பிஷப்ஸ், மாலை மேர்ஸ்.
வாசலில் எதிரெதிரே வந்தால்
ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கமாட்டார்கள்.
ஆனால் பிஷப்ஸின் டிரம்மைத்தான்
மேர்ஸ் இரவல் வாங்கி அடித்தார்கள்.
கேட்டு வாங்கியது நான், பொய் சொல்லி.

அந்த ‘டிங்’ என் கரண்டி.
கையுறையோடு சர்க்கரை கலக்கினேன், நழுவியது.
இந்த ஊரில் செய்த எஃகு, நன்றாகத்தான் ஒலிக்கும்.
எடுத்துவிடலாம் என்றார் பொறியாளர்.
நேரம் இல்லை, இருக்கட்டும் என்றார்கள்.

அந்தக் குரல் ஏறியது,
அட்டவணைக்குப் பத்து நிமிஷம் முன்னால்
கரண்ட் போனதால்.
மோட்டார் தளர்ந்தது, நாடா தளர்ந்தது.
தளர்ந்து ஓடிய நாடாவில் பதிந்த குரல்
பிறகு சரியான வேகத்தில் ஓட்டினால்
ஏறத்தான் செய்யும்.
இருட்டில் அந்தப் பாடகன் சொன்ன கெட்ட வார்த்தை
நல்லவேளை பதியவில்லை.

போன வியாழன் இதைச் சொல்லிவிட்டேன்.
ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.
இரண்டாவது கிளாஸ் ஷெர்ரியாக இருக்கலாம்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.
பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.
“கிளெனிஸ், உனக்கு இசை புரியாது,”
என்றார் நாரிஸ், மெதுவாக, நோயாளியிடம் பேசுவதுபோல.
“கப்பல் மணிதான்.
அட்டையிலேயே கப்பல் இருக்கிறது,” என்றார் ஹெட்லி.
“ஆமாம், மணிதான்,” என்றார் நாரிஸ்.

ஐம்பது வருஷத்தில் முதல்முறையாக
நாரிஸ் மேர்ஸுக்காக வாதாடினார்.
அந்த மகிழ்ச்சியில் ஹெட்லி அவருக்கு பீர் வாங்கித் தந்தார்.
எனக்கு யாரும் ஒன்றும் வாங்கவில்லை.

எது பெரிய தட்டு என்று
என்னை இதுவரை எவரும் கேட்டதில்லை.
கேட்டால் சொல்வேன்:
மேர்ஸ் பையன்கள்
தாங்கள் குடித்த கோப்பைகளைத் தாங்களே கழுவினார்கள்,
வெந்நீர் இல்லாத பிப்ரவரியில்.
பிஷப்ஸ் அவற்றில் சிகரெட்டை அணைத்தார்கள்.
தீர்ப்புக்கு அதுவே போதும்.

ஆனாலும்
எழுபத்தைந்தாம் நம்பர் பஸ்ஸில் வீட்டுக்குப் போகையில்
என் வாய் தானாக முணுமுணுப்பது
அந்தப் பாழாய்ப்போன சிம்னியைத்தான்.
கடைசி வரி வந்ததும் நிறுத்திக்கொள்வேன்.
அந்த உயரம் எனக்கு எட்டாது.
அவனுக்கும் எட்டியதில்லை.