கோடு மட்டும் தெரிந்த வருடம்

இந்த வருடம் சனிக்கு வளையம் இல்லை.
இருக்கிறது, பக்கவாட்டில் திரும்பி நிற்கிறது.
தோசைக்கல்லை விளிம்பிலிருந்து பார்ப்பதுபோல்
ஒரு கோடு.

ஐப்பசி மழை இரண்டு நாள் விட்டிருந்தது.
பம்மலில், மொட்டை மாடியில்
பதினெட்டுத் தவணை கட்டிய தொலைநோக்கியை நிறுத்தி
மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்களுக்கு வழிவிட்டு
லென்ஸில் பூத்த ஈரத்தை
ஹேர் டிரையரால் ஊதிக்கொண்டிருந்தேன்.

முதல் மாடிக்காரர்
"ஏழரை நடக்குது சார்" என்று
பார்க்காமலே இறங்கிப் போனார்.
அவர் மகன் பார்த்துவிட்டு
வளையம் எங்கே என்றான்,
பொட்டலத்தில் எடை குறைந்ததுபோல.

பத்தரைக்கு எஸ்தர்ராணி வந்தாள்.
குரோம்பேட்டை ஸ்கேன் சென்டர், இரண்டாம் ஷிப்ட்.
தோளில் பை. ஒரு கண்ணை உள்ளங்கையால் பொத்தி
குனிந்தாள்.
"துடிக்குதே."

காற்றுதான், கடல் காற்று என்றேன்.
அவள் காதில் விழவில்லை.

நாளெல்லாம் இருட்டறையில்
ஜெல் தடவிய வயிறுகளின் மேல்
"இதோ, இந்தப் புள்ளி" என்று காட்டுகிறவள்.
இன்று நான் காட்டினேன்.
கோடு நீளும் திசையிலேயே, இடப்பக்கம்,
கொஞ்சம் தள்ளி, மங்கலாக.
அந்தப் புள்ளிதான் டைட்டன்.

"சில நேரம் துடிக்காது" என்றாள்
கண்ணை எடுக்காமல்.
"அப்போ ஸ்கிரீனை
எங்க பக்கம் திருப்பி வச்சிடுவோம்."

சனி நழுவி நழுவி வெளியே போனது.
மூன்று முறை குமிழைத் திருகிக் கொடுத்தேன்.
கீழே யாரோ மோட்டாரை நிறுத்தச் சொல்லிக் கத்த,
தொட்டி வழிந்து காலடிக்கு வந்தது.

நாளைக்கும் இருக்குமா என்றாள்.
புள்ளி இடம் மாறியிருக்கும் என்றேன்.

மாறட்டும், என்றாள்.