மரை

புயல் கரையைக் கடந்துவிட்டது என்று
ரேடியோ சொல்லி முடித்த பிறகுதான் கிழிந்தது.
முறிகிற சத்தம் இல்லை.
புதுக் காடாத் துணியை இரண்டு பேர் பிடித்து இழுத்தாற்போல
நீளமாக, நிதானமாக.

விடிந்து பார்த்தால்
கவட்டையில் பிளந்திருக்கிறது நாவல் மரம்.
ஒரு பாதி நேராக நிற்கிறது.
மறு பாதி
தனபால் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிமேல்
கடைசி பஸ்ஸில் தெரியாதவர் தோளில் தூங்குகிறவனைப்போல.

கொரட்டூரில் அன்று எல்லோருக்கும் மரம் தெரியும்.
வெட்டிடுங்க என்றார் தனபால்.
தொட்டி அவருடையது, சொல்லலாம்.
வெட்டிடுங்க என்றார் பால் பாக்கெட் போட வந்தவர்.
பவர் ரம்பத்தோடு தெருத்தெருவாக வந்த வெள்ளைச்சாமி
ஒருமுறை அண்ணாந்து பார்த்து
"ஆறாயிரம். வேரோட எடுத்தா ஒம்போது.
நாளைக்குன்னா ரேட்டு வேற" என்றார்.
சுகிர்தா பதினோரு வருஷக் கணக்கை எடுத்தாள்:
கொடியில் காய்ந்த வெள்ளைச் சட்டைகள்,
இலை அடைத்த மாடிக் குழாய்,
ஜூன் முழுக்க ஊதாவாய்க் கிடக்கும் வாசல், ஈ.
எல்லாம் உண்மை.

உண்மையைச் சொன்னால் எனக்கும்
மரத்தின்மேல் பெரிய பாசம் ஒன்றுமில்லை.
அம்பத்தூர்ப் பட்டறையில் கரண்ட் இல்லை.
முப்பது வருஷம் லேத் ஓட்டிய கை
மூன்றாம் நாளும் சும்மா இருக்கமாட்டாமல்
பிளவுக்குள் விரலை விட்டுப் பார்த்தது.
ஈரம்.
அடியில் ஒரு சாண் இன்னும் பிடித்திருந்தது.
டேப் எடுத்து வந்தேன். குறுக்கே பதினேழு அங்குலம்.

ராடு போட்டு முடுக்கிடலாம் என்றேன்.
மரத்துக்கு மரை போடுறாராம்,
இவருக்கு மரை கழண்டுபோச்சு
என்று தெரு சிரித்தது.
மெழுகுவர்த்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த தெரு,
சிரித்தால் நல்லதுதான்.

வெள்ளைச்சாமி ஆயிரத்து இருநூறுக்குத்
தலைப்பாரத்தை மட்டும் கழித்துவிட்டுப் போனார்.
லாரி பெல்ட், இரவல் செயின் புல்லி.
எதிர்முனையில் தனபால்,
"தொட்டிக்காகத்தான் இழுக்கிறேன்" என்று
ஒவ்வொரு இழுப்புக்கும் சொன்னார்.

நான்காம் நாள் கரண்ட் வந்தது.
போனில் கத்தினான் வால்வு கம்பெனிக்காரன்.
அவன் ஸ்பிண்டில் கிடக்கட்டும் என்று
மிச்சக் கம்பி ஒன்றை சக்கில் மாட்டினேன்.
இரண்டு முனையிலும் நாலு நாலு அங்குலம் மரை.
இத்தனை வருஷம் கடைந்து அனுப்பியவை
எங்கே போய்ப் பொருந்துகின்றன என்று
நான் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை.

டிரில் இறங்க இறங்க டீத்தூள் நிறத்தில் தூள்.
கட்டெறும்புகள் முட்டைகளோடு வெளியேறின.
கம்பி போனது, வாஷர், நட்டு.
ஸ்பானர் அரைச் சுற்று. கால் சுற்று.
பிளவு மூடியது, நுரையாக ஏதோ கசிந்தது.
இரும்பென்றால் போதும் என்று கையே சொல்லும்.
இது முனகியது. எனக்குப் பாஷை தெரியவில்லை.
"நிறுத்துங்க"
ஜன்னலிலிருந்து சுகிர்தா, கையில் கரண்டி.
எப்படித் தெரிஞ்சுது என்றேன்.
"தோணிச்சு. வெட்டணும்னுதான் இப்பவும் சொல்றேன்."

ஜூனில் நேராக நின்ற பாதி காய்த்தது.
கட்டிய பாதியில் இலை மட்டும்.
சட்டைக்குத் திட்டு வழக்கம்போல.
தொட்டிமேல் விழுந்ததை
தனபால் டம்ளரில் பொறுக்கி உப்புப் போட்டுத் தின்கிறார்.

வாஷரைப் பட்டை விழுங்கிவிட்டது.
நட்டில் இரண்டு முகம்தான் வெளியே தெரிகிறது.
இனி நானே நினைத்தாலும் கழற்ற முடியாது.
மதிலில் சிவப்புப் பெயிண்டால் எழுதி வைத்திருக்கிறேன்:
தரையிலிருந்து ஆறடி. உள்ளே இரும்பு. கவனம்.

மதில் எத்தனை நாளோ.
எழுத்து அழிந்த பிறகு ஒருநாள்
ரம்பத்தோடு வருகிறவன்
பல் தெறித்து, பொறி பறந்து,
கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்பான்
எவன்டா இந்த மரை கழண்டவன் என்று.